ஓக் கிரீக் குருத்வாரா தாக்குதல் (2012): வழிபாட்டுக்குள்ளிருந்தே வந்த பதில் – ஒரு நிகழ்வு ஆய்வு

வெறுப்பு பிடித்த ஒருவன் துப்பாக்கியோடு ஒரு வழிபாட்டுத் தலத்துக்குள் நுழைந்து ஆட்களைச் சுட்டுவிட்டால், மறுநாள் காலையில் அங்கே இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும்? பெரும்பாலான கோயில், பள்ளிவாசல், தேவாலய நிர்வாகங்களிடம் இதற்குப் பதில் கிடையாது. யோசிக்கவே மனம் வராத விஷயம் என்பதால் யோசிக்காமலேயே விட்டுவிடுகிறோம்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மில்வாக்கி நகருக்குப் பக்கத்தில் இருக்கும் ஓக் கிரீக் என்ற ஊரில், 2012 ஆகஸ்ட் 5 அன்று ஒரு சீக்கிய குருத்வாராவில் இது நடந்தது. அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலர் "அந்தச் சீக்கியர்கள் மன்னித்துவிட்டார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. அந்த மக்கள் சமைத்தார்கள், கழுவினார்கள், ஓதினார்கள், அப்புறம் நேராக அரசாங்கத்திடம் போய், செத்துப்போன எங்கள் ஆட்களை உங்கள் கணக்கில் எழுதுங்கள் என்று கேட்டார்கள். முதல் மூன்றையும் கடைசி ஒன்றையும் பிரித்துப் பார்த்தால் இந்த நிகழ்விலிருந்து கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை என்பது என் கருத்து.

சம்பந்தப்பட்டவர்கள் யார் பெயரையும் இங்கே எழுதவில்லை. சுட்டவன் பெயரையும் விட்டுவிட்டேன்.

பின்னணி

1997இல் சில குடும்பங்கள் வாடகை மண்டபத்தில் கூடித் தொடங்கிய சங்கம் இது. 2007இல் சொந்தக் கட்டடம் வந்தது. ஞாயிறுதோறும் சில நூறு பேர் கூடுவார்கள். கீர்த்தனை, சீக்கியர்களின் புனித நூலான குரு கிரந்த் சாகிப் வாசிப்பு, முடிந்ததும் லங்கர் என்ற பொதுச் சாப்பாடு. லங்கரில் யார் வந்தாலும் சாப்பாடு உண்டு, சாதி மதம் கேட்பதில்லை, எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார வேண்டும். சமைப்பதும் பரிமாறுவதும் பாத்திரம் கழுவுவதும் சேவை. அதற்குக் கூலி கிடையாது.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்காவில் தலைப்பாகையும் தாடியும் வைத்திருப்பதே ஆபத்தாகிவிட்டது. நான்கே நாளில், செப்டம்பர் 15 அன்று, அரிசோனா மாநிலம் மேசாவில் தன் பெட்ரோல் நிலையத்துக்கு வெளியே நின்ற ஒரு சீக்கியரைச் சுட்டுக் கொன்றார்கள். அதிலிருந்து ஓக் கிரீக் வரைக்கும் வந்த 11 வருடங்களில் தெருவில் திட்டு, பள்ளியில் பிள்ளைகளின் தலைப்பாகையை இழுப்பது, அடிதடி என்று சீக்கியர்கள் பட்டது நிறைய. ஆனால் நாடு முழுவதும் நடக்கும் வெறுப்புக் குற்றங்களைத் தொகுக்கும் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் படிவத்தில் சீக்கியர்களுக்கு என்று ஒரு கட்டம் கிடையாது. யூதர், கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட், முஸ்லிம் என்று இருந்தது. சீக்கியரைத் தாக்கினால் அது 'பிற மதம்' என்ற கட்டத்துக்குள் போய்க் கரைந்துவிடும். இதைப் பின்னால் பார்ப்போம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

காலை பத்தரை மணி வாக்கில், கூட்டம் இன்னும் முழுதாக வந்து சேராத நேரம். சமையலறையில் பெண்கள் லங்கருக்குச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். வெளியே நின்ற ஒரு சிறுமியும் அவள் சகோதரனும் முதலில் துப்பாக்கிச் சூட்டைப் பார்த்துவிட்டு உள்ளே ஓடி வந்து எச்சரித்தார்கள். பெண்களும் பிள்ளைகளுமாகப் பத்துப் பதினைந்து பேர் சமையலறையை ஒட்டிய சரக்கு அறைக்குள் நெருக்கியடித்து ஒளிந்துகொண்டார்கள். அங்கிருந்து குசுகுசுவென்று வீட்டுக்குப் போன் பேசினார்கள். சரக்கு அறையில் இருந்த பெண்களில் ஒருவர் குருத்வாரா தலைவரின் மனைவி. அவர் தன் மகனை அழைத்தபோது, கணவருக்கு என்ன ஆயிற்று என்பது அவருக்குத் தெரியாது. அந்த 65 வயதுத் தலைவர் கையில் கிடைத்த சிறு கத்தியோடு சுட்டவனை எதிர்த்து நின்று உயிர்விட்டார்.

அன்று ஆறு பேர் இறந்தார்கள்: ஐந்து ஆண்கள், ஒரு பெண். அதில் மூன்று பேர் கிரந்திகள், அதாவது அங்கே வேதத்தை வாசிப்பவர்கள். ஒருவருக்கு 84 வயது. இன்னொரு போதகர் தலையில் குண்டு பாய்ந்து பிழைத்துக்கிடந்தார். அவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

முதலில் வந்து சேர்ந்த காவல் அதிகாரியை வாகன நிறுத்துமிடத்தில் வைத்து அவன் 15 முறை சுட்டான். அந்த அதிகாரி பிழைத்தார். உதவிக்கு ஓடி வந்த சக காவலர்களைக் கையசைத்து, என்னை விடுங்கள், உள்ளே போங்கள் என்று அனுப்பிவைத்தார் என்பதை ஓக் கிரீக் சீக்கியர்கள் இன்றும் நன்றியோடு சொல்கிறார்கள். இன்னொரு காவலரின் குண்டு பட்டு விழுந்தவன் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு செத்தான். அவனுக்கு 40 வயது, முன்னாள் ராணுவ வீரன், வெள்ளையின வெறிக் குழுக்களில் பல வருடம் ஊறியவன், அந்த வெறியைப் பாடும் இசைக்குழுக்களில் வாசித்தவன். நவம்பரில் எஃப்.பி.ஐ. விசாரணையை முடித்தபோது, அவன் தனியாகச் செய்தான் என்று மட்டும் சொன்னது. ஏன் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தான் என்பதற்கு விடை கிடைக்கவில்லை.

உள்ளே யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரியாமல் குடும்பத்தினர் எதிரே இருந்த பந்துருட்டு விளையாட்டுக் கூடத்தின் அடித்தளத்தில் மணிக்கணக்காகக் காத்திருந்தார்கள். நடந்த எல்லாவற்றிலும் இந்தக் காத்திருப்பைத்தான் வெளியாட்கள் அதிகம் கவனிக்காமல் விட்டார்கள் என்று நினைக்கிறேன்.

முதல் வாரம்: கையில் ஏற்கெனவே இருந்ததை எடுத்துக்கொண்டார்கள்

கட்டடம் முழுவதும் புலனாய்வாளர்கள் கையில். உள்ளே போக முடியாது. சீக்கியர்கள் முதலில் செய்தது, அங்கே வேலை செய்துகொண்டிருந்த காவலர்களுக்கும் செய்தியாளர்களுக்கும் தண்ணீரும் சாப்பாடும் கொடுத்தது. வெளியிலிருந்து பார்த்தவர்கள் இதைப் பெருந்தன்மை என்று வியந்தார்கள். அப்படியும் சொல்லலாம், தப்பில்லை. ஆனால் அது ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை என்றால் அவர்கள் வருகிறவர்களுக்கெல்லாம் சோறு போடுவார்கள். இடம் மாறியது, வழக்கம் மாறவில்லை. அதிர்ச்சியில் கை கால் ஓடாத நேரத்தில் மனிதர்களை எழுப்பி நிறுத்துவது புதிதாகப் போடும் திட்டம் அல்ல, தினமும் செய்து பழகிய வேலைதான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

மில்வாக்கிக்கு மேற்கே புரூக்ஃபீல்டில் இருந்த இன்னொரு குருத்வாரா அவர்களுக்கு இடம் கொடுத்தது. செவ்வாய்க்கிழமை, ஆகஸ்ட் 7, ஊர்க் காவல்துறையும் பொதுமக்களும் சேர்ந்து வருடாவருடம் நடத்தும் கூடுகை ஏற்கெனவே குறித்து வைத்திருந்த நாள். அதை ரத்து செய்யாமல் அஞ்சலிக் கூட்டமாக மாற்றினார்கள். பல மதத்தவர் மெழுகுவத்தியோடு வந்தார்கள். இது ஊர் எடுத்த முடிவு, சரியான முடிவு. தனியாக ஒரு 'ஒற்றுமை விழா' ஏற்பாடு செய்திருந்தால் ஒரு மாதம் போயிருக்கும்.

வியாழக்கிழமை கட்டடம் திரும்பக் கிடைத்தது. இங்கேதான் முதல் பெரிய முடிவு. குருத்வாராவை அப்படியே பூட்டிவைத்துவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவர்கள் நினைக்கவில்லை. உடனே சங்கத்தினரே இறங்கினார்கள். ரத்தம் ஊறிய கம்பளத்தைப் பிய்த்தெடுத்தார்கள், உடைந்த கண்ணாடிகளை மாற்றினார்கள், சுவரில் குண்டு பாய்ந்த ஓட்டைகளை அடைத்து வண்ணம் பூசினார்கள். வெளியாட்களை வைத்துச் செய்திருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். குருத்வாராவைக் கூட்டிப் பெருக்குவதும் சேவைதான் என்று வளர்ந்தவர்களுக்கு, அந்த வேலையை விட்டுக்கொடுப்பது இறந்தவர்களுக்குச் செய்யும் கடைசிக் கடமையை விட்டுக்கொடுப்பதாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை, ஆகஸ்ட் 10, உள்ளூர் உயர்நிலைப் பள்ளியின் விளையாட்டு அரங்கத்தில் ஆறு சவப்பெட்டிகளையும் வரிசையாக வைத்து இறுதிச் சடங்கு. ஆயிரக்கணக்கில் கூட்டம். நாட்டின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல் வந்து, இது பயங்கரவாதம், வெறுப்புக் குற்றம் என்று வெளிப்படையாகச் சொன்னார். தகனம் முடிந்ததும் குருத்வாராவுக்குத் திரும்பி அகண்ட பாட் தொடங்கினார்கள்: 1,430 பக்கம் கொண்ட குரு கிரந்த் சாகிப்பை ஆள் மாற்றி ஆள், இடையில் நிறுத்தாமல், சுமார் 48 மணி நேரத்தில் வாசித்து முடிப்பது. வழக்கமாக வாசிக்கிற மூன்று பேரும் இல்லை. மற்றவர்கள் வாசித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, சரியாக ஒரு வாரம் கழித்து, வாசிப்பு நிறைவடைந்தது, வழிபாடு நடந்தது, லங்கரும் நடந்தது.

அடைக்காமல் விட்ட ஒரு ஓட்டை

எல்லா ஓட்டைகளையும் அடைத்தவர்கள் ஒன்றை மட்டும் அப்படியே விட்டார்கள். பிரதான வழிபாட்டுக் கூடத்துக்குள் நுழையும் கதவின் நிலையில் ஒரு தோட்டா துளைத்த இடம். அதன் கீழே ஒரு சின்னத் தகடு, 'நாம் ஒன்று' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி, தேதி, அவ்வளவுதான். உள்ளே போகிற ஒவ்வொருவரும் அதைக் கடந்துதான் போக வேண்டும். விரல் வைத்துப் பார்க்கலாம்.

இந்த முடிவு எனக்குப் பிடித்ததற்குக் காரணம் அதன் அளவு. நடந்ததே தெரியாதபடி எல்லாவற்றையும் மறைத்திருந்தால் அடுத்த தலைமுறைக்குச் சொல்ல எதுவும் மிஞ்சியிருக்காது. மாறாக முழு இடத்தையும் நினைவுச் சின்னமாக ஆக்கியிருந்தால், அங்கே கல்யாணமும் குழந்தைக்குப் பெயர் வைப்பதும் நடத்த மனம் வருமா? ஒரு ஓட்டை போதும் என்று அவர்கள் முடிவெடுத்தார்கள்.

'ஆள் மாறிவிட்டது' என்ற பேச்சு

இந்த நிகழ்வில் நான் அதிகம் யோசித்த பகுதி இது. தாக்குதல் நடந்த சில மணி நேரத்திலேயே தொலைக்காட்சிகளில், முஸ்லிம்கள் என்று தவறாக நினைத்துச் சீக்கியர்களைச் சுட்டுவிட்டானோ என்ற பேச்சு வந்துவிட்டது. அந்தப் பேச்சை அப்படியே பிடித்துக்கொண்டு, "ஆமாம், நாங்கள் முஸ்லிம்கள் இல்லை" என்று சொல்வது மிகச் சுலபம். பயத்தில் இருக்கிற யாருக்கும் வாயில் முதலில் வரும் வாக்கியமே அதுதான், அதற்காக யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

சீக்கியர்களில் பலர் அதைச் சொல்ல மறுத்தார்கள். ஆள் மாறிவிட்டது என்றால், சரியான ஆள் என்று ஒருவர் இருக்கிறார் என்றல்லவா ஆகும்? அவரைச் சுட்டிருந்தால் பரவாயில்லையா? இந்தக் கேள்வி வெறும் வாதத்துக்காகக் கேட்டது அல்ல. ஓக் கிரீக்குக்கு மறுநாள், ஆகஸ்ட் 6, மிசூரி மாநிலம் ஜாப்லினில் ஒரு மசூதி முழுதாக எரிந்துபோனது. அதே மசூதிக்கு ஜூலை 4 அன்றும் தீ வைத்திருந்தார்கள். 'சரியான ஆள்' என்று நினைக்கப்பட்டவர்களுக்கு நடந்தது அது.

இதில் நம்பிக்கையின் பங்கு என்ன என்றால், சீக்கியர்களின் தினசரிப் பிரார்த்தனையான அர்தாஸ் 'சர்பத் தா பலா', எல்லோருக்கும் நன்மை உண்டாகட்டும் என்ற வேண்டுதலோடுதான் முடிகிறது. தினமும் வாயால் சொல்கிற அந்த வேண்டுதலுக்கும், முஸ்லிம்களைத்தான் சுட நினைத்திருப்பான் என்று சொல்லித் தப்பிப்பதற்கும் ஒத்துவராது. அமெரிக்காவில் முஸ்லிம்கள், யூதர்கள், கிறிஸ்தவர்கள் என்று பலர் குருத்வாராக்களுக்கு வந்து நின்றதற்கு இந்த நிலைப்பாடும் ஒரு காரணம் என்று நம்புகிறேன்.

கணக்கில் எழுதச் சொன்னது

கொல்லப்பட்ட ஒரே பெண்ணின் இளைய மகனுக்கு அப்போது 18 வயது. ஆறு வாரம் கழித்து, 2012 செப்டம்பர் 19 அன்று, அமெரிக்க செனட்டின் துணைக்குழு முன்னால் அவர் சாட்சி சொன்னார். தனக்குக் கல்லூரி தொடங்கிவிட்டது, முதல் நாள் வழியனுப்ப அம்மா இல்லை என்றார். அப்புறம் நேராக விஷயத்துக்கு வந்தார்: என் அம்மாவும் அன்று சுடப்பட்ட மற்றவர்களும் அரசாங்கப் படிவத்தில் ஒரு எண்ணாகக்கூட வரமாட்டார்கள், அதை மாற்றுங்கள்.

மதம் சார்ந்த பதில் என்றால் பிரார்த்தனை, அமைதி, மன்னிப்பு என்று மென்மையான விஷயங்களை மட்டும் எதிர்பார்ப்பவர்களுக்கு இந்தச் சாட்சியம் பொருந்தாது. எனக்கு இது பொருந்துகிறது. எண்ணப்படாத குற்றத்துக்குக் காவல்துறைப் பயிற்சியில் இடம் வராது, நிதி வராது, பள்ளிப் பாடத்தில் பேச்சு வராது. சீக்கிய அமைப்புகளோடு மற்ற மத அமைப்புகளும் சேர்ந்து அழுத்தம் கொடுத்தன. 2013 ஆகஸ்டில், ஓராண்டு நினைவு நாளை ஒட்டி, மாற்றம் அறிவிக்கப்பட்டது: 2015 முதல் சீக்கியர், இந்து, பௌத்தர், அரபு மக்கள், மார்மன், யெகோவா சாட்சிகள், ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர் ஆகியோருக்கு எதிரான குற்றங்களுக்கும் தனித்தனிக் கட்டம். தங்களுக்கு மட்டும் என்று நிற்காததால் எத்தனை சமூகங்களுக்குக் கதவு திறந்தது பாருங்கள்.

மன்னிப்பு, ஒரே வீட்டில் இரண்டு வழி

குருத்வாரா தலைவரின் மூத்த மகன் முன்பு காவல்துறையில் இருந்து பிறகு ஆசிரியரானவர். அவர் ஒருவரைத் தேடிப் பிடித்தார்: வெள்ளையின வெறிக் குழு ஒன்றைத் தொடங்கியவர்களில் ஒருவராக இருந்து, பின்னாளில் சுட்டவன் சேர்ந்த வட்டத்தை உருவாக்கியதில் பங்கு வைத்திருந்து, பல வருடம் முன்பே அதைவிட்டு வெளியே வந்தவர். அப்பாவைக் கொன்றவனிடம் ஏன் என்று கேட்க முடியாது, அவன் செத்துவிட்டான். அந்த வெறி எப்படி வேலை செய்கிறது என்று உள்ளே இருந்தவரிடமாவது கேட்கலாமே. அக்டோபரில் இரண்டு பேரும் சந்தித்தார்கள். அதன் பிறகு 'சர்வ் 2 யுனைட்' என்ற முயற்சி மூலம் இருவரும் பள்ளி பள்ளியாகப் போய் மாணவர்களோடு பேசினார்கள்.

அதே வீட்டின் இன்னொரு மகன் துப்பாக்கிச் சட்டங்களை மாற்ற வேண்டும் என்று அரசியலில் இறங்கி, அமெரிக்கக் காங்கிரஸுக்கான 2014 தேர்தலில் வேட்பாளராக முயன்றார். ஒருவர் வெறியின் வேரைத் தேடிப்போனார், இன்னொருவர் ஆயுதத்தைக் குறிவைத்தார். இரண்டுமே துக்கத்திலிருந்து வந்தவைதான்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2015இல் தென் கரோலினா மாநிலம் சார்ல்ஸ்டனில் ஒரு கறுப்பினத் தேவாலயத்தில் ஒன்பது பேரை இதேபோன்ற ஒருவன் கொன்றபோது, இரண்டு நாளிலேயே நீதிமன்றத்தில் சில உறவினர்கள் அவனை மன்னிப்பதாகச் சொன்னார்கள். அது அவர்களின் நம்பிக்கை, அதை மதிக்கிறேன். ஆனால் அதன் பிறகு, பாதிக்கப்பட்டவர்கள் என்றால் மன்னித்தே ஆக வேண்டும் என்று ஊடகங்கள் எதிர்பார்க்க ஆரம்பித்துவிட்டன. கோபப்படுகிறவரை நம்பிக்கை குறைந்தவராகப் பார்க்கிறார்கள். மன்னிப்பதா வேண்டாமா, எப்போது, யாரை என்பதெல்லாம் அந்தந்தக் குடும்பத்தின் சொந்த விஷயம். குருவோ பாதிரியாரோ இமாமோ மேடையில் நின்று எல்லோர் சார்பிலும் அதை அறிவிக்கக் கூடாது.

ஏழு வருடம் படுக்கையில்

தலையில் சுடப்பட்ட அந்தப் போதகரைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். இந்தியாவிலிருந்து வந்து பல ஊர்களில் பிரசங்கம் செய்தவர், அன்று 65 வயது. உடல் செயலிழந்து, பேச்சு போய், கண் இமைகளை மட்டும் அசைக்க முடிந்த நிலை. மகன்கள் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டார்கள். 'சர்தி கலாவில் இருக்கிறீர்களா' என்று மகன் கேட்டால் அவர் இரண்டு முறை இமைப்பார். ஆம் என்று அர்த்தம். எந்த நிலையிலும் மனம் தளராமல் இருப்பதைச் சீக்கியர்கள் அப்படிச் சொல்வார்கள். 2020 மார்ச் 2 அன்று அவர் இறந்தார். இறந்தவர்களின் எண்ணிக்கை ஏழானது.

முதல் வருட நினைவு நாளிலிருந்து நடக்கும் ஓட்டத்துக்கு 'சர்தி கலா 6கே' என்று பெயர். ஆறு பேர் நினைவாக ஆறு கிலோமீட்டர். அவர் உயிரோடு படுத்திருந்த வருடங்களிலும் ஓட்டம் ஆறு கிலோமீட்டர்தான். இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் எந்தத் தாக்குதலிலும் இறந்தவர்கள் எண்ணிக்கைதான் தலைப்பாகிறது, பிழைத்து முடங்கிப்போனவர்கள் மெல்ல மெல்லக் கண்ணிலிருந்து மறைகிறார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்வது பத்து வருட வேலை, அதை ஒரு குடும்பம் தனியாகச் சுமக்க முடியாது.

இன்னொரு முறை என்றால் எதை மாற்ற வேண்டும்

காத்திருந்த குடும்பங்களுக்குத் தகவல் சொல்ல ஒரு ஆள், அவர்கள் மொழி தெரிந்த ஆள், முதல் மணி நேரத்திலேயே வேண்டும். காவல்துறை அதைத் தானாகச் செய்யும் என்று இருந்துவிடக் கூடாது. வழிபாட்டுத் தலமே இரண்டு பேரை முன்கூட்டிக் குறித்து, அவர்கள் எண்ணை உள்ளூர்க் காவல் நிலையத்தில் கொடுத்து வைக்கலாம். அன்றைக்கு உள்ளே யார் யார் இருக்கக்கூடும் என்று சொல்லத் தெரிந்தவர்களாக அவர்கள் இருந்தால் இன்னும் நல்லது.

ஊடகம் கேட்கப் போகும் முதல் கேள்விக்குப் பதில் தயாராக இருக்க வேண்டும். 'நாங்கள் அவர்கள் இல்லை' என்று தொடங்கும் எந்த வாக்கியமும் வேண்டாம் என்று நிர்வாகக் குழு அமைதியான ஒரு நாளில் உட்கார்ந்து பேசி முடிவு செய்துவிட்டால், பதற்றத்தில் வாய் தவறாது.

பாதுகாப்பு விஷயம் அவ்வளவு எளிதல்ல. ஓக் கிரீக்கில் அதற்குப் பிறகு கேமராவும் காவலாளியும் வந்துவிட்டார்கள், வந்துதான் ஆக வேண்டும். அதே நேரம் யார் வந்தாலும் சோறு என்ற இடத்தில் வாசலிலேயே ஆளை எடைபோட ஆரம்பித்தால் எதைக் காப்பாற்றுகிறோம் என்ற கேள்வி வரும். அங்கே லங்கர் இன்றும் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. காவலாளியை நிறுத்தும் அன்றே, வருகிறவர்களை வரவேற்க வாசலில் சங்கத்தைச் சேர்ந்த ஒருவரையும் நிறுத்தினால் பாதிச் சிக்கல் தீரும் என்பது என் யோசனை.

கணக்கெடுப்பு இன்னும் முடியாத வேலை. படிவத்தில் கட்டம் வந்துவிட்டது, சரி. ஆனால் அமெரிக்காவில் உள்ளூர்க் காவல்துறைகள் வெறுப்புக் குற்ற விவரத்தை எஃப்.பி.ஐ.க்கு அனுப்பியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை; பல ஊர்களிலிருந்து எதுவுமே போவதில்லை, அல்லது பூஜ்யம் என்று போகிறது. அதனால் சுவரில் கிறுக்கியதிலிருந்து தலைப்பாகையை இழுத்ததுவரை சின்னச் சம்பவங்களையும் தேதி, இடம், புகைப்படத்தோடு வழிபாட்டுத் தலமே ஒரு பதிவேட்டில் எழுதி, புகார் கொடுத்து, புகார் எண்ணையும் பக்கத்தில் குறித்துவைக்க வேண்டும். அந்தப் பதிவேட்டை யார் எழுதுவது என்று அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே ஒரு பெயரைப் போட்டுவிடலாம்.